பதினொரு மணிக் கப்பலுக்கு ஒரு நிறுத்துமிடம்

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, என் தலையில் கட்டப்பட்டது. கட்டியவர் என் அண்ணன். பேருந்துக் கழகத்தில் நேர அட்டவணை போடுகிற வேலை. பல் தேய்க்கக்கூடப் புறப்படும் நேரம், சேரும் நேரம் என்று வைத்திருப்பவர். வருகிற ஞாயிற்றுக்கிழமை மகளைப் பொழுதுபோக்குப் பூங்காவுக்கு அழைத்துப் போகிறார். மகளுக்கு ஒன்பது வயது. பிறந்ததிலிருந்தே நடக்க முடியாது, சக்கர நாற்காலிதான். வாய்க்கு அந்தக் குறை இல்லாததால் வீட்டில் அவளுக்கு ‘மேனேஜர்’ என்று பெயர்.

கூடத்து சோபாவைக் காராக்கி ஆறு ஒத்திகை முடிந்துவிட்டது. ஏழாவதுக்கு இலக்கியத்தைக் கூப்பிட்டார்.

“நீதான் நடக்காததையெல்லாம் எழுதுறவனாச்சே. ஞாயித்துக்கிழமைய எழுது. வீட்ட விட்டுக் கெளம்புறதுலேருந்து கப்பல்ல ஏறுற வரைக்கும். எங்க சிக்கும்னு இப்பவே தெரிஞ்சிரும்.”

சரி, ஓசியில் ஒரு கரு.

(வாருங்கள், உட்காருங்கள். வண்டியை எங்கே விட்டீர்கள்? பரவாயில்லை, அப்புறம் பேசிக்கொள்ளலாம்.)

2.

முதல் தொடக்கம்: “காலைக் கதிரவன் தன் பொற்கரங்களை நீட்டி—”

“எத்தனை மணிக்கு?” என்றார் அண்ணன். அடித்துவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: “சக்கர நாற்காலியில் ஒரு தேவதை—”

இதை மேனேஜரே அடித்தாள், சிவப்புப் பேனாவால். “தேவதைன்னா பறந்து போயிருப்பேனே சித்தப்பா. பார்க்கிங் எதுக்கு?”

மூன்றாவது நிலைத்தது. காலை எட்டு பத்து. அண்ணன் காரைக் கிளப்பினார். பக்கத்தில் அண்ணி, மடியில் கோப்பு. பின்னால் மேனேஜரும் நானும். கோப்பு என்பது அண்ணன் இரண்டு தடவை பூங்காவுக்குத் தனியாகப் போய், டேப் வைத்து அளந்து எழுதிய நாற்பது பக்கம். வாசல் அகலம், சரிவு மேடை உயரம், கழிவறைக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பது வரை இருக்கிறது.

இத்தனை பாடும் ஒரு கப்பலுக்கு. முன்னும் பின்னும் ஊஞ்சலாடுகிற பெரிய கப்பல். நடக்க முடியாத குழந்தைகளுக்கு அதில் ஞாயிறு காலை பதினொரு மணி ஆட்டம் ஒன்றுதான். பெரியவர் ஒருவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பதினாறு படி ஏற வேண்டும். முப்பது கிலோவைத் தாண்டிவிட்டால் தூக்கிக்கொண்டு ஏற அனுமதி இல்லை. மேனேஜர் இப்போது இருபத்தொன்பதரை.

“அடுத்த மாசம் வளந்துருவேன் சித்தப்பா,” என்றாள். காய்ச்சல் வரப்போகிறது என்று சொல்கிற குரலில் சொன்னாள்.

[இந்த இடத்தில் பன்னிரண்டு வரிக்கு உருகியிருந்தேன். எடுத்துவிட்டேன். பதினொரு மணிக்குள் போயாக வேண்டும்.]

3.

ஒன்பது ஐம்பது, பூங்கா வாசல். நடக்க முடியாதவர்களுக்கென்று வாசலை ஒட்டி நீலக் கோடு போட்ட கட்டங்கள் இரண்டு. காவலாளி கையைக் குறுக்கே நீட்டினார்.

“கார்டு?”

“எங்க தராங்க?” என்றார் அண்ணன்.

“உள்ள, கவுண்டர்ல. குழந்தைய நேர்ல காட்டணும்.”

“அப்ப நிறுத்திட்டுக் கூட்டிட்டுப் போறேன்.”

“கார்டு இல்லாம நிறுத்த முடியாது சார். பெரிய பார்க்கிங்ல விட்டுட்டு வாங்க. முக்கால் கிலோமீட்டர்தான், பஸ் வரும்.”

“அந்த பஸ்ல வீல்சேர் ஏறுமா?”

“ஏறாது சார். அதான் அவங்களுக்கு இங்கயே இடம் குடுத்திருக்கோமே.”

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று. இந்தப் பேச்சு என் கற்பனை இல்லை. கோப்பில் பதினேழாம் பக்கத்தில் தேதியோடு இருக்கிறது. நானாக எழுதியது இதைவிட நியாயமாக இருந்தது. நம்பும்படி இல்லை என்று கிழித்துப் போட்டேன்.)

இதற்கும் அண்ணனிடம் திட்டம் இருந்தது. நானும் மேனேஜரும் வாசலிலேயே இறங்கிக் கார்டு வாங்கி வர வேண்டும், அதுவரை அவர் வட்டமடித்துக்கொண்டிருப்பார். நான் இறங்கி டிக்கியைத் திறந்தேன். குடை இரண்டு, மருந்துப் பை, மாற்றுத் துணி, தண்ணீர்—

இங்கே கூடத்தில், கையெழுத்துப் பிரதியைப் படித்துக்கொண்டிருந்த மேனேஜர் தலையைத் தூக்கினாள்.

“சித்தப்பா, என் வீல்சேர் எங்க?”

4.

திருப்பிப் பார்த்தேன். இரண்டாம் பகுதியில் அண்ணன் ஏறியிருக்கிறார், அண்ணி ஏறியிருக்கிறார், கோப்பு ஏறியிருக்கிறது. நாற்காலியை நான் ஏற்றவே இல்லை. (நீங்களும் கவனிக்கவில்லை, நடிக்காதீர்கள்.)

“ஒரு வரி சேத்துட்டாப் போச்சு,” என்று பேனாவை எடுத்தேன்.

அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். “தொடாத. கெளம்பின பஸ் கெளம்பினதுதான்.”

“மொதல்ல உங்க கோப்புல இருக்கான்னு பாருங்க,” என்றார் அண்ணி.

நாற்பது பக்கத்தையும் புரட்டினார். இல்லை. ஆறு ஒத்திகையும் கூடத்தில் நடந்தவை. சோபாவுக்குப் பக்கத்தில் நாற்காலி எப்போதும் நின்றுகொண்டேதான் இருந்தது. அதை யாரும் எங்கேயும் ஏற்ற வேண்டியிருக்கவில்லை. அண்ணன் முகம் சுருங்கிப்போயிற்று. எழுந்து போய் வாசல் கதவில் ஒரு தாள் ஒட்டினார்: ‘நாற்காலி’. என் எழுத்தால் ஒரு வீட்டில் ஏதோ மாறியது இதுதான் முதல் தடவை.

ஆனால் கதைக்குள் மறந்தது மறந்ததாகவே இருக்க வேண்டும் என்று தீர்ப்பாகிவிட்டது.

5.

ஆகவே மேனேஜரை முதுகில் சுமந்துகொண்டு கவுண்டர் வரிசையில் நின்றேன். எங்கள் முறை வந்ததும் கவுண்டர் பெண் எட்டிப் பார்த்தார்.

“வீல்சேர் எங்க?”

“மறந்துட்டோம்.”

“வீல்சேர் இல்லாதவங்களுக்கு இந்தக் கார்டு கிடையாது சார்.”

என் தோளுக்கு மேலிருந்து குரல் வந்தது. “ஆன்ட்டி, நாற்காலியத்தான் மறந்தோம். கால் ரெண்டும் கொண்டு வந்திருக்கோம், பாருங்க. ஆனா வேலை செய்யாது.”

கார்டு கிடைத்தது. வாடகை நாற்காலியும் உண்டாம், ஆனால் வண்டி நிற்கிற நீலக் கட்டத்தின் எண்ணைச் சொன்னால்தான் தருவார்களாம். அதற்குள் என் இடுப்பு பிடித்துக்கொண்டது. பதினாறு படி என்னால் ஆகாது. அண்ணன்தான் தூக்க வேண்டும், அண்ணனோ காரோடு வட்டமடித்துக்கொண்டிருக்கிறார். (அண்ணி ஓட்டட்டுமே என்கிறீர்கள். அண்ணிக்கு ஓட்டத் தெரியாது. கற்றுக்கொடுத்து முடிப்பதற்குள் மேனேஜர் நாற்பது கிலோ ஆகிவிடுவாள்.)

வெளியே வந்தபோது பத்து நாற்பது. இனிப் பெரிய பார்க்கிங்கில் விட்டு பஸ் பிடித்து வந்தால் பதினொன்று தாண்டிவிடும் என்கிறது கோப்பு. முதல் நீலக் கட்டத்தில் ராட்டினத்திலிருந்து கழற்றிய மரக்குதிரை ஒன்று சிமெண்ட் பீடத்தோடு கிடந்தது.

“அது ஏன் இங்க இருக்கு?” என்றேன்.

“அதுக்குக் கால் ஒடைஞ்சிருச்சு சார்,” என்றார் காவலாளி.

“கார்டு இருக்கா?” என்றாள் மேனேஜர்.

“யாருக்குப் பாப்பா?”

“குதிரைக்கு.”

காவலாளி யோசித்தார். மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றார்.

இரண்டாவது கட்டத்தில் ஒரு கார். முன் கண்ணாடிக்குள் ஒரு சீட்டு: ‘இரண்டே நிமிடம்’.

6.

இங்கே கதை நின்றுவிட்டது. முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ. கப்பல் போய்விடுகிறது. பெரிய பார்க்கிங் பஸ்ஸில் அண்ணன் மடியில் உட்கார்ந்து வரும் மேனேஜர், ‘இதுதான் நிஜமான சவாரி’ என்று சிரிக்கிறாள். அண்ணி படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேனேஜர் சிவப்புப் பேனாவை எடுத்தாள். “நான் எப்ப அப்படிச் சொன்னேன்? எனக்குக் கப்பல்தான் வேணும்.” வெட்கமாக இருந்தது. அடித்தேன்.

முடிவு ஆ. அண்ணன் காரை நடுவழியில் விட்டுவிட்டு ஓடிவந்து மகளைத் தூக்கிக்கொண்டு— “பின்னாடி வர வண்டியெல்லாம் என்ன பண்ணும்?” என்று அண்ணனே கேட்டார்.

முடிவு இ. குதிரை எழுந்து, நொண்டி நொண்டி வெளியே போய்விடுகிறது. மேனேஜர் பச்சைக்கொடி காட்டினாள். ஞாயிற்றுக்கிழமைக்கு உதவாது என்று அண்ணன் மறுத்துவிட்டார். அந்தக் குதிரைக்காக எனக்கு இன்னும் வருத்தம்தான்.

7.

மிச்சமிருப்பது அந்தக் கார்.

உள்ளே நுழைந்தபோதே உங்களிடம் கேட்டேன். நீங்கள் பதில் சொல்லவில்லை. வந்தவரை வாசலிலேயே நிறுத்திக் குடைவானேன் என்று நானும் விட்டுவிட்டேன். சீட்டில் இருப்பது உங்கள் கையெழுத்து. இடம் காலியாகத்தானே கிடந்தது, கதை சின்னதுதானே, சீக்கிரம் படித்துவிட்டுப் போய்விடலாம் என்று விட்டிருப்பீர்கள். நானும் எத்தனையோ தடவை விட்டிருக்கிறேன்.

இந்தக் கதையில் என் இடுப்பைச் சரிசெய்ய என்னால் முடியும், குதிரைக்குக் கால் வைக்க முடியும். உங்கள் காரை மட்டும் நகர்த்த முடியாது. சாவி உங்களிடம் இருக்கிறது.

பத்து ஐம்பத்தொன்று. அண்ணன் ஒன்பதாவது சுற்று வருகிறார், ஜன்னல் வழியாக அண்ணி கையை ஆட்டிக் கேட்கிறார். காவலாளி தன் ஸ்டூலைக் கொடுத்திருக்கிறார். அதில் மேனேஜரை உட்கார வைத்து, சாய்ந்துவிடாமல் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். தூரத்தில் கப்பல் காலியாக ஒருமுறை ஆடி நிற்கிறது.

“நான் கேக்கட்டுமா சித்தப்பா?”

கேள் என்றேன்.

அவள் உங்களைத்தான் பார்க்கிறாள்.

“வண்டியக் கொஞ்சம் எடுக்குறீங்களா? நான் இன்னும் முப்பது கிலோ ஆகல.”