சமையலறைக்கு இறங்கும் படி

கிண்ணத்தை மேசையிலிருந்து தூக்காமல் சாப்பிட வேண்டும் என்று துயென் சொன்னதும் வகுப்பிலிருந்த பெண்கள் சிரித்தார்கள். பிறந்ததிலிருந்து கிண்ணத்தை வாயருகே கொண்டுபோய்க் குச்சியால் சோற்றைத் தள்ளிச் சாப்பிட்டவர்கள். இனிமேல் சோற்றுக்குக் கரண்டி, தொட்டுக்கொள்வதற்குத்தான் குச்சி. கிண்ணம் இருந்த இடத்தில் இருக்கும், தலைதான் குனிய வேண்டும். "நாய் சாப்பிடுற மாதிரில்ல இருக்கு டீச்சர்" என்றாள் ஹுவே என்ற பெண். துயென் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. கொரியாவில் கிண்ணத்தைக் கையில் தூக்கினால் பிச்சைக்காரி என்பார்கள், மாமியார் ஒருமுறைதான் சொல்வாள், அதன்பிறகு சொல்லாமல் பார்த்துக்கொண்டே இருப்பாள் என்றாள். ஒவ்வொரு வகுப்பிலும் இந்த இடத்தில் யாராவது நாயைச் சொல்வார்கள். அவளும் இதையே பதிலாகச் சொல்வாள்.

கான்தோ நகரில் ஆற்றங்கரைச் சாலையில், ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடியில் அந்த வகுப்பு நடந்தது. தென்கொரிய ஆண்களைக் கல்யாணம் செய்துகொண்டு விசாவுக்காகக் காத்திருக்கும் பெண்கள் சுற்றுப்பட்ட கிராமங்களிலிருந்தும் ஆற்றுத் தீவுகளிலிருந்தும் படகேறி வருவார்கள். மூன்று நாள் பாடம். குப்பையை எப்படிப் பிரித்துப் போடுவது, பெரியவர்கள் மது ஊற்றிக் கொடுத்தால் எப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டு குடிப்பது, பனியில் எந்தச் செருப்பு வழுக்காது, அடித்தால் எந்த எண்ணுக்கு அழைப்பது. துயெனுக்கு இதெல்லாம் மனப்பாடம். ஐந்து வருடம் அங்கே வாழ்ந்தவள் என்பதால்தான் அவளை வேலைக்கு எடுத்தார்கள். அங்கே வாழ்ந்தவள் ஏன் இங்கே இருக்கிறாள் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் சொல்வதற்கு அவளிடம் இரண்டு வாக்கியங்களுக்கு மேல் இல்லை.

மதியத்துக்குப் பிறகு ஒவ்வொருவராக எழுந்து கணவரின் பெயர், ஊர், குடும்பம் மூன்றையும் கொரிய மொழியில் சொல்ல வேண்டும். லாய் என்ற பெண்ணின் முறை வந்தது. இருபத்து மூன்று வயதிருக்கும். தீவுக்காரி, மீன் கம்பெனியில் கெளுத்தி மீனைத் தோலுரித்துத் துண்டு போடும் வேலை பார்த்தவள். குளிரைப் பற்றிய பாடம் நடக்கும்போது, "ஐஸ்லயே நின்னு வேலை பாத்தவ டீச்சர், எனக்கு என்ன குளிரு" என்று சொன்னவள் அவள்தான். எழுந்து நின்று, கணவரின் பெயர் குவோன் தல்சூ என்றாள். ஊர்ப் பெயரைச் சொன்னாள். முலாம்பழம் பயிரிடுகிறார், வீட்டில் அவருடைய அம்மா இருக்கிறார், பத்து வயதில் ஒரு மகள் இருக்கிறாள் என்றாள்.

"அம்மா இருக்கிறார்னு சொல்லும்போது மரியாதை விகுதி போடணும்" என்றாள் துயென். "இன்னொரு தடவை சொல்லு."

லாய் இன்னொரு தடவை சொன்னாள். அதே பெயர், அதே ஊர். துயென் சரி என்று தலையசைத்தாள். தன் கையில் சாக்பீஸ் இருப்பதும் அது உடைந்திருப்பதும் தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை. நெஞ்சு படபடக்கும் என்று காத்திருந்தாள். அதுவும் இல்லை.

பக்கத்திலிருந்தவர்கள் போட்டோவைக் காட்டச் சொன்னார்கள். செல்போன் கைமாறிக் கைமாறி முன்வரிசைக்கு வந்தது. தல்சூவுக்கு முன்நெற்றி ஏறியிருந்தது. சின்ன லாரிக்குப் பக்கத்தில், காமிராவைப் பார்க்காமல் நின்றிருந்தான். அவனுக்குப் பின்னால், லாரிக் கதவைப் பிடித்தபடி ஒரு சிறுமி. கால்கள் நீளமாக இருந்தன. துயென் கடைசியாகப் பார்த்தபோது யெரினுக்கு மூன்று வயது, செருப்பை எப்போதும் மாற்றிப் போட்டுக்கொள்வாள். படத்திலிருந்த சிறுமியின் செருப்பு சரியாக இருந்தது. அதைத்தான் அவள் முதலில் பார்த்தாள்.

"முதல் பொண்டாட்டி எங்கே?" என்று யாரோ கேட்டார்கள்.

"நம்ம ஊர்க்காரிதானாம். புள்ளைய விட்டுட்டு ஓடிட்டாளாம்" என்றாள் லாய்.

"நல்லவ. உனக்கு எடம் விட்டுட்டுப் போயிருக்கா" என்றாள் ஹுவே. எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த ஆள் எழுந்திருக்கலாம் என்றாள் துயென்.

துயென் ஓடவில்லை. அப்பா இறந்துவிட்டார் என்று செய்தி வந்தது, கிளம்பி வந்தாள். காய்ச்சல் என்பதால் குழந்தையை மாமியார் கூட அனுப்பவில்லை. நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு முடிந்துதான் போகவேண்டும் என்று அம்மா அழுதாள், இருந்தாள். அதற்குள் விசா தேதி முடிந்தது. புதுப்பிக்கக் கணவன் கையெழுத்து வேண்டும். அவன் போனை எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு மருமகள் இதேபோல ஊருக்குப் போனவள் திரும்பி வராததால், இவளும் வரமாட்டாள் என்று மாமியார் முடிவு செய்துவிட்டிருந்தாள். தன் அம்மா எதை நீட்டினாலும் தல்சூ கையெழுத்துப் போடுவான். மனைவி வீட்டைவிட்டுப் போய்விட்டாள் என்று அங்கே ஒரு நீதிமன்றத்தில் தீர்ப்பாகி, குழந்தை அவனிடம் என்றும் ஆனது. எல்லாம் முடிந்தபிறகுதான் அவளுக்குத் தெரியும். முதல் வருடம் முழுக்க அழுதாள். பிறகு ஒருநாள் அழுகை வரவில்லை. அன்றிலிருந்து வரவே இல்லை.

மறுநாள் வகுப்பு முடிந்து எல்லாரும் படகுத்துறைக்குப் போனபிறகு லாய் மட்டும் தங்கினாள். மேசைகளைத் துடைக்க உதவினாள். அவளுக்குக் கேட்க வேண்டியது இருந்தது. கல்யாணப் பதிவுக்கு வந்தபோது அவர் ஐந்து நாள் இருந்தார், மொத்தமாகப் பத்து வார்த்தை பேசியிருப்பார், அந்த வீடு எப்படி இருக்கும் என்றே தெரியவில்லை, நீங்கள் வாழ்ந்தவர்கள், சொல்லுங்கள் என்றாள்.

துயென் துடைத்துக்கொண்டே சொன்னாள். கிராமத்து வீடுகளில் குளிர்காலத்தில் குழாய் உறைந்துபோகும், படுக்கப்போகும்போது லேசாகச் சொட்டவிட வேண்டும். முலாம்பழம் கண்ணாடித்தாள் கூடாரத்துக்குள் வளரும், பனி விழும் நாளிலும் உள்ளே வியர்க்கும், அப்படியே வெளியே வந்தால் நெஞ்சில் சளி கட்டும், ஒரு துண்டு எப்போதும் தோளில் இருக்கட்டும். மாமியாருக்கு இடது காது கேட்காது, வலது பக்கம் நின்று பேசு. சமையலறைக்கு இறங்கும் படி உயரம், குழம்புச் சட்டியோடு போகும்போது காலால் தடவிப் பார்த்து இறங்கு.

சொல்லி முடித்துத் துணியைப் பிழியும்போதுதான் அந்த அறை அமைதியாக இருப்பதைக் கவனித்தாள். லாய் ஒரு நாற்காலியைத் தூக்கியபடியே நின்றிருந்தாள். பிறகு மெதுவாகக் கீழே வைத்தாள். கீழே மருந்துக் கடையில் யாரோ இருமல் மருந்து கேட்பது கேட்டது.

"அக்கா" என்றாள் லாய். அதுவரை டீச்சர் என்றுதான் கூப்பிட்டிருந்தாள்.

துயென் துணியை ஜன்னலில் காயப்போட்டாள்.

"நீங்க ஓடிப்போகலையா?"

"எங்கப்பா செத்துட்டார். வந்தேன்."

லாய் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் முகம் மீன் கம்பெனியிலிருந்து வெளியே வருபவர்களின் முகம்போல வெளுத்திருந்தது. "அக்கா, நான் போகலாமா? நீங்க சொல்றதுதான்" என்றாள்.

போகாதே என்று சொன்னால் போகமாட்டாள் என்று துயெனுக்குத் தெரிந்தது. அப்படிச் சொன்னால் தல்சூ வேறொரு தீவிலிருந்து வேறொரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு போவான். அந்தப் பெண் எப்படிப்பட்டவளாக இருப்பாள் என்று யாருக்குத் தெரியும். இந்தப் பெண் மேசையை மூலைவரை துடைக்கிறாள். இப்படி நினைத்தபோது, தன் மகளுக்கு ஆள் பொறுக்குகிறோம், அதற்காக இவளை அனுப்பப் பார்க்கிறோம் என்பதும் புரிந்தது. வெட்கப்பட வேண்டும் என்று தோன்றியது. வெட்கம் வரவில்லை.

"அவர் அடிக்க மாட்டார். குடிச்சா தூங்கிடுவார். ஆனா உனக்காக ஒருத்தர்கிட்டயும் ஒரு வார்த்தை பேச மாட்டார். அத ஒன்னால தாங்க முடியுமான்னு நீதான் பாத்துக்கணும்" என்றாள். பிறகு, "பாஸ்போர்ட்ட ஒன் துணிப்பைக்குள்ளயே வெச்சுக்க. அந்த ஊர்க் குடியுரிமை கையில வர்ற வரைக்கும், இங்க யாரு செத்தாலும் வராத" என்றாள்.

"எங்க அம்மா செத்தாலுமா?"

"செத்தாலும்."

லாய் தலையாட்டினாள். படிக்கட்டு வரை போனவள் திரும்பி வந்து, பிள்ளையிடம் என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டாள். துயென் யோசித்துப் பார்த்தாள். ஏழு வருடமாகச் சொல்ல வேண்டியவற்றையெல்லாம் எங்கோ வைத்திருந்தாள். போய்ப் பார்த்தால் அந்த இடத்தில் ஒன்றும் இல்லை. ஒன்றும் சொல்ல வேண்டாம் என்றாள்.

மூன்றாம் நாள் லாய் வரவில்லை. படகுத்துறையில் பார்த்ததாகவும், ஊர்ப்பக்கம் போகும் படகில் ஏறியதாகவும் ஹுவே சொன்னாள். இனி கொரியாவுக்குப் போகமாட்டாள் என்றுதான் துயென் நினைத்தாள். அந்த மாதம் முழுக்க அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். அதில் நிம்மதியா ஏமாற்றமா என்று அவளுக்கே பிடிபடவில்லை. வெள்ளம் ஏறி இறங்கியது. வகுப்புக்குப் புதிய பெண்கள் வந்தார்கள், நாயைச் சொன்னார்கள், சிரித்தார்கள்.

புத்தாண்டு விடுமுறைக்கு முந்தைய வாரம் ஒரு பிற்பகல், வகுப்பின் இடைவேளையில் தெரியாத எண்ணிலிருந்து வீடியோ அழைப்பு வந்தது. லாய். கன்னங்கள் சிவந்து வெடித்திருந்தன. தோளில் துண்டு. முலாம்பழக் கூடாரத்துக்குள் நின்றிருந்தாள். வந்து மூணு மாசமாச்சு அக்கா என்றாள். பயமாக இருந்ததால் வகுப்புக்கு வரவில்லை, சொல்லாமல் வந்துவிட்டேன், மன்னிச்சுக்குங்க என்றாள். படி உயரம்தான் என்றாள். லாயின் பின்னால் இலைகளுக்கு நடுவே யாரோ வருவது தெரிந்தது.

நீல நிறக் குளிர்ச்சட்டை போட்ட சிறுமி ஒரு கூடையை இழுத்துக்கொண்டு வந்து, யாரிடம் பேசுகிறீர்கள் என்று கொரிய மொழியில் கேட்டாள். குரல் கொஞ்சம் கரகரப்பாக இருந்தது. லாய் துயெனின் முகத்தைப் பார்த்தாள். துயெனின் முகத்தில் எதுவும் இல்லை.

எனக்கு உங்கள் மொழி சொல்லிக்கொடுத்த டீச்சர் என்றாள் லாய், தப்பும் தவறுமான கொரிய மொழியில். டீச்சர் என்ற சொல்லுக்கு மட்டும் மரியாதை விகுதியைச் சரியாகப் போட்டாள்.

சிறுமி கூடையை விட்டாள். கையுறைகளைக் கழற்றினாள். முதன்முதலாகப் பார்க்கும் பெரியவர்களுக்குச் செய்வதுபோல, இரு கைகளையும் வயிற்றின்மேல் சேர்த்து இடுப்பு வரை குனிந்து வணங்கினாள். வணக்கம், உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி என்றாள். உச்சந்தலையில் வகிடு நேராக இருந்தது. யாரோ சீப்பால் அழுத்தி எடுத்துவிட்டிருந்தார்கள்.

நாற்காலியிலிருந்து எழுந்து நின்று, எனக்கும் மகிழ்ச்சி என்றாள் துயென். அதைவிடப் பணிவாகச் சொல்ல அந்த மொழியில் வேறு விகுதி இல்லை.

சிறுமி கையுறைகளை மாட்டிக்கொண்டு கூடையை இழுத்தபடி போனாள். லாய் எதையோ எடுக்கத் திரும்பினாள் போலும், போன் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பிறகு திரையில் ஆட்கள் யாரும் இல்லை. கூடாரத்தின் வெள்ளைத் தாள் மட்டும் தெரிந்தது. அதன் உட்புறம் முழுக்க நீர்த்துளிகள் கோத்திருந்தன. வெளியே காற்று அடிக்கும்போது தாள் உப்பி அடங்கியது. ஒரு துளி இன்னொன்றோடு சேர்ந்து, கனத்து, கோணலாக வழிந்து இறங்கியது. பின்வரிசைப் பெண்கள் இடைவேளை முடிந்து உள்ளே வந்து உட்கார்ந்து, பாடம் ஆரம்பிக்கக் காத்திருந்தார்கள்.