நெத்திலி அளவுத் தேனீ

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், கண்ணுகளா. இந்தக் கதை நான் யோசித்துப் பிடித்ததல்ல. ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் ஃபிளாட் வாட்ஸாப் குழுவைக் கலக்கிய ஒரு படத்திலிருந்து பிறந்தது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘விடியலின் பொன்னொளியில் பேராசிரியர் ஒருவர்—’

வேண்டாம். பேராசிரியர் யாரும் இல்லை. படம் எடுத்தவள் ரோஸி. நொச்சிக்குப்பத்திலிருந்து காலை ஆறு மணிக்கு எங்களுக்கு மீன் கொண்டுவருகிறவள்.

2

தோட்டத்தில் ஒரு துளசி காய்ந்து நின்றது. அதன் குச்சிகளைப் பல்லால்* கவ்வியபடி ஏழு தேனீக்கள் அசையாமல் தொங்கின. கறுப்பு உடம்பில் நீலப் புள்ளிகள்.

“செத்துப்போச்சாடி?” என்றேன்.

“தூங்கிக்கினு கீதும்மா. வெயில் வந்தா பறந்துடும், பாரேன்.”

(*தேனீக்கு இருப்பது தாடைதான். ரோஸி ‘பல்லு’ என்றாள், அப்படியே விட்டுவிட்டேன்.)

அவள் எடுத்த படத்தைத் தேனீக்களை ஆராய்கிறவர்களுக்கு அனுப்பினேன். ‘அளவு தெரியவில்லை. பக்கத்தில் ஏதாவது வைத்து எடுங்கள்’ என்று பதில் வந்தது. மறுநாள் ரோஸி கூடையிலிருந்து எடுத்துப் பக்கத்தில் பிடித்தது ஒரு நெத்திலியை.

3

அந்தப் படத்தைக் குழுவில் போட்டவள் நான்தான். சங்கச் செயலாளர் ஸ்ரீனிவாசராகவன் படியிறங்கி ஓடிவந்தார்.

“துளசிகிட்ட மீனா! ஏம்மா, நோக்கு வேற ஒண்ணும் கெடைக்கலியா?”

“கையில இன்னா இருந்துச்சோ அத்தக் காட்டினேன் சார். செடி மேல படவேயில்ல.”

“காஞ்ச துளசி நிக்கறதே தப்பு. நாளைக்குக் கார்த்தால வெட்டிடறேன்.”

(இந்த இடத்தில் அவரைக் கொடியவராக்கி அரைப் பக்கம் எழுதிக் கிழித்தேன். அந்தத் துளசிக்குத் தினமும் தண்ணீர் ஊற்றியவர் அவர்தான்.)

4

மாலையில் தேனீ ஆராய்கிறவர்களிடமிருந்து பதில் வந்தது. குயில் தேனீயாம். காக்கைக் கூட்டில் குயில் முட்டையிடுவதுபோல், இது வேறொரு தேனீயின் கூட்டில் முட்டையிடுமாம். இத்தனை ஒன்றாகத் தூங்கி அவர்களே பார்த்ததில்லையாம். பட்டியலில் ஏற்றிவிட்டார்கள்: ‘கண்டவர்: ரோஸி.’

இருபது வருடமாகக் கதை எழுதுகிறேன். என் பெயரை அச்சில் பார்த்தபோதுகூட நெஞ்சு இப்படி நிமிர்ந்ததில்லை.

ஃபோனில் அவளிடம் படித்துக் காட்டினேன். “அது கெடக்கட்டும்மா. செடிய வெட்டிட்டா இதுங்க எங்க போய்த் தூங்கும்?”

5

முடிவு ஒன்று: ராகவன் மனம் மாறி, ரோஸியைக் கையெடுத்துக் கும்பிட்டு— சீ, சினிமா.

முடிவு இரண்டு: வெட்டிவிடுகிறார். பொழுதுசாய வந்த தேனீக்கள், குச்சி இருந்த இடத்தில் வெறும் காற்றைச் சுற்றி— எனக்கு எழுத வரவில்லை.

நடந்தவரை சொல்கிறேன். காலை ஆறு மணி. கத்தரியோடு ராகவன். கூடையை இறக்கிவிட்டு, புதுப் படகைக் காட்டுகிறவள்போல் ரோஸி நிமிர்ந்து நிற்கிறாள்.

“வெட்டுறதுன்னா வெட்டு சார். ஒரு வாட்டி குனிஞ்சு பாத்துட்டு வெட்டு.”

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிகிறார். இன்னும் நிமிரவில்லை. கத்தரி கையில் திறந்தபடி இருக்கிறது.

நான் நிற்கும் இடத்திலிருந்து அவர் முதுகுதான் தெரிகிறது. செடிக்கு அந்தப் பக்கம் நீங்கள் நிற்கிறீர்கள், கண்ணுகளா. அவர் முகம் எப்படி இருக்கிறது? பார்த்துவிட்டு மிச்சத்தை நீங்கள் எழுதுங்கள்.