லேமினேட் செய்த ரிப்போர்ட்

இறந்துபோன அப்பாவுக்குக் காலுறை மாட்டிக்கொண்டிருந்த ஜெனிலா, பாதியில் நிறுத்தி அண்ணன் கிளாட்வினைப் பார்த்தாள்.

"ஸ்கேன்ல அடைப்பே இல்லைன்னா சொன்னாவ?"

"ஏட்டி, இதோட மூணு தடவ கேட்டுட்ட. ரத்தக்குழா வெடிச்சு மூளைக்குள்ள கசிஞ்சிருக்கு. காலப் புடி, பெட்டி வந்துரும்."

அவள் கேட்காமல் எப்படி இருப்பாள்? ஸ்ரீவில்லிபுத்தூரில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. பக்கவாதம் என்றால் கொழுப்பு அடைத்துத்தான் வரும் என்று ஆறு வருஷமாக அப்பாவின் முட்டையிலிருந்து மஞ்சள் கருவைத் தோண்டி எடுத்தவள். மில் பஸ் ஓட்டிய அப்பா கிறிஸ்துராஜ் அவள் கரண்டிக்கு மட்டும்தான் பயப்படுவார். போன வருஷம் கெட்ட கொழுப்பு ஐம்பத்தெட்டுக்கு இறங்கியபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

இன்று காலை ஆஸ்பத்திரி வராந்தாவில் செல்போனைத் துழாவியபோது, கொழுப்பு ரொம்பக் குறைந்தவர்களுக்குக் கசிவு கொஞ்சம் கூடுதலாக வருவதாகச் சில ஆய்வுகள் சொல்லின. நான்தான் கொன்றேனா? டாக்டரிடமே கேட்டுவிட்டாள்.

"அது இன்னும் முடிவாகாத விஷயம்மா. வரும்போது பிரஷர் இருநூத்தி இருபது. மாத்திரை ஒழுங்கா போட்டாரா?"

"தினமும்" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருந்தாள்.

காலுறையை ஏற்றி முடித்தபோது, அப்பாவோடு பஸ் ஓட்டிய தவசிமுத்து மாலையோடு வந்து நின்றார். முகம் வீங்கியிருந்தது.

"ஒன் ரிப்போர்ட்ட லேமினேட் பண்ணி வச்சிருந்தாரு தாயி. டீக்கடையில காட்டாத ஆள் கெடையாது. 'எம்மவ பாத்தது, ரத்தம் சுத்தம்லே, இனி பிரஷர் மாத்திரை எதுக்கு'ன்னு கிறிஸ்மஸோட நிறுத்திட்டாரு."

"மாத்திரையவா?"

"ஆமா. எனக்கும் கொழுப்பு நார்மல்தான? நானும் அவரோடயே நிறுத்திட்டேன்."

ஜெனிலாவுக்கு அப்பாமேல் கோபம் பொங்கியது. "எல்லாம் நார்மல்ப்பா" என்று காகிதத்தை நீட்டிய தன்மேல் அதைவிடக் கோபம். எது நார்மல் என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம்.

ஜெபம் செய்ய வந்திருந்த சர்ச் உபதேசியார் எழுந்தார். அவள் விறுவிறுவென்று உள்ளே போய் பிரஷர் மெஷினோடு வந்தாள்.

"மாமா, உக்காருங்க. சட்டைக் கைய ஏத்துங்க."

"இப்பமா தாயி? பொறவு பாப்போம்."

"இப்பத்தான்."

அவர் மாலையை மடியில் வைத்துக்கொண்டு கையை நீட்டினார். ஜெபம் தொடங்கியது. எல்லோரும் கண்ணை மூடினார்கள். ஜெனிலா மட்டும் மூடாமல், எண்கள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.