பட்டை உரிப்பவளும் இரண்டு கட்டங்களும்

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. பள்ளிப் பாடநூலுக்கு நான் எழுதிய பாடத்தைப் பதிப்பாசிரியர் திருப்பி அனுப்பினார். "சார், காலனி ஆட்சியில வணிகவாதத்துக்கும் முதலாளித்துவத்துக்கும் என்ன வித்தியாசம்னு ரெண்டு கட்டம் போட்டுக் குடுங்க. கோபமெல்லாம் வேண்டாம்." கட்டம் போட்டேன். அதற்குள் ஒரு ஆள்கூட அடங்கவில்லை.

2

முதல் தொடக்கம்: "கடல் கடந்து வந்த வணிகர்கள் இயற்கை வளங்களை..." (அடித்துவிட்டேன். வளங்களாம்! மரம் என்று சொல்ல வாய் வலிக்கிறதா?)

இரண்டாவது: இலவங்கப்பட்டை மரத்தில் பட்டை உரிப்பவள் ஒருத்தி. வீட்டுக்குப் பின்னால் ஏழு மரம், முன்னால் தானியம் விளையும் துண்டு நிலம். ஐரோப்பிய மன்னரின் முத்திரை பெற்ற கம்பெனிக்கு மட்டுமே அவள் பட்டையை விற்கலாம். வேறு கப்பலுக்கு விற்றால் சவுக்கடி. சரக்கு பெருகினால் விலை சரியும் என்று கம்பெனி ஆட்கள் வந்து ஐந்து மரத்தை வெட்டிப் போட்டார்கள். இதுதான் வணிகவாதம். உலகத்தில் இருப்பது ஒரே பானைச் சோறு, அடுத்தவன் அள்ளுமுன் நாம் அள்ளி மூடி போட்டுவிட வேண்டும் என்ற புத்தி.

3

நூறு ஆண்டு தாண்டுகிறேன். அவளைச் சாகவிடவில்லை, எழுதுகிறவனுக்கு இந்தச் சலுகைகூட இல்லாவிட்டால் எப்படி? கம்பெனியின் ஏகபோகம் ஒழிந்து முதலாளித்துவம் வந்தது. "யாரு வேணா நடலாம், யாருக்கு வேணா விக்கலாம்" என்றார் மலைகளை வாங்கிப் போட்ட புதிய பெருந்தோட்டத்தின் மேலாளர். வெட்டுப்பட்ட மரங்களை மறக்காதவள், ஆசை ஆசையாகத் தானிய நிலத்தையும் கொத்தி மரம் நட்டாள். ஊரே நட்டது. விலை அதல பாதாளத்துக்குப் போனது. பத்து மலை வைத்திருக்கும் தோட்டம் தாங்கும்; அவள் தாங்குவாளா? சாப்பாட்டுக்காக நிலத்தைத் தோட்டத்துக்கே விற்றாள். தானே நட்ட மரத்தில் இப்போது கூலிக்குப் பட்டை உரிக்கிறாள்.*

(* இதைப் பதிப்பாசிரியர் 'வேலைவாய்ப்பு' என்று குறிக்கச் சொன்னார். பற்றிக்கொண்டு வருகிறது எனக்கு.)

4

இந்த இடத்தில் அவள் என்னிடம் சண்டைக்கு வந்தாள்.

"ஏன்யா, அப்ப கோடாலிய அவன் தூக்கிட்டு வந்தான். இப்ப மண்வெட்டிய என் கையிலயே குடுத்துட்டான். இதானே வித்தியாசம்? இதுக்கு எதுக்கு ரெண்டு கட்டம்?"

"அது மட்டும் இல்லம்மா, மூலதனம்னு ஒண்ணு..."

"அத விடு. வீடாவது மிஞ்சுமா? அத மட்டும் சொல்லு."

'மிஞ்சும்' என்று ஒரு சொல் எழுதினால் போதும். எழுதினால் அதையும் பாடநூலில் காலனி ஆட்சியின் நன்மைகள் பட்டியலில் சேர்த்துவிடுவார்கள். 'மிஞ்சாது' என்று அவள் முகத்தைப் பார்த்து எழுத எனக்குத் தைரியமில்லை.

5

ஆகவே உங்களிடம் விடுகிறேன். வீடு நிற்கும் மண்ணையும் கேட்டு மேலாளர் பத்திரத்தோடு வந்திருக்கிறார். சவுக்கு இல்லை, முத்திரை இல்லை, முகத்தில் சிரிப்புகூட இருக்கிறது. "கட்டாயம் ஒண்ணுமில்லம்மா, உங்க இஷ்டம். ஆனா நாளையிலேருந்து தோட்டத்துக் கூலி லயத்து வீட்டுல குடியிருக்கறவங்களுக்கு மட்டும்தான் வேலை" என்கிறார். கைநாட்டு வைக்க மை டப்பாவைத் திறந்து அவள் பக்கம் நகர்த்துகிறார்.

அவள் என்னைக் கேட்பதை நிறுத்திவிட்டாள். உங்களைப் பார்க்கிறாள். சொல்லுங்கள், இது அவள் இஷ்டமா?