இளமதி பார்த்த புள்ளி

மஹிரா விருத்தாசலத்தில் ஒரு தனியார் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தாள். கணவன் ஜியாவுதீன் கத்தாரில் இருந்தான். மூன்று வருடங்களாக அவளுடைய ஞாயிற்றுக்கிழமைகள் ஒரே வேலையில் கழிந்தன. நெப்டியூனுக்கு அப்பால் சுற்றும் சின்ன உலகங்களைத் தேடுவதுதான் அந்த வேலை. எங்கோ மலை உச்சியில் இருக்கும் தொலைநோக்கி எடுத்த படங்களை ஒரு தேடல் குழு இணையத்தில் அனுப்பும். வானத்தின் ஒரே துண்டை, ஒன்றரை மணி நேர இடைவெளியில் எடுத்த மூன்று படங்கள். மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தால் நட்சத்திரங்கள் அப்படியே இருக்கும். பக்கத்துச் சிறுகோள்கள் தாவிப் போகும். ரொம்பத் தூரத்தில் இருப்பவை நகர்ந்தனவா இல்லையா என்றே சந்தேகம் வரும். அப்படி ஒன்றுக்காகத்தான் மஹிரா கண்ணைக் கெடுத்துக்கொண்டாள். ஒன்றும் கிடைக்கவில்லை.

இளமதி பிளஸ் டூ வரை அவளோடு ஒரே பெஞ்சில் படித்தவள். மேலே படிக்க வீட்டில் வசதியில்லை. கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து ஒரு செராமிக் கம்பெனியில் வேலை பார்த்தாள். சூளையிலிருந்து வரும் ஃபியூஸ் கட்டைகளில் மயிரிழை விரிசலோ கரும்புள்ளியோ இருந்தால் தள்ளிவைக்க வேண்டும். அந்தக் கண்ணுக்கு இதுவும் பிடிபடும் என்று மஹிராதான் அவளை ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிட்டாள்.

இரண்டாவது மாதம், ஒரு நாள் காலையில் இளமதி திரையைத் தொட்டுக் காட்டினாள்.

"மஹி, இது நவுருது பாரு."

"எங்க?"

"ஓரத்துல. மூணுலயும் கொஞ்சம் கொஞ்சம் தள்ளி இருக்குது."

மஹிரா பார்த்தாள். மங்கலான புள்ளி. மூன்று படங்களிலும் ஒரே திசையில், சம இடைவெளியில் தள்ளியிருந்தது. மூன்றையும் இன்னொரு முறை மாற்றிப் போட்டுப் பார்த்தாள்.

"கேமரா கோளாறு. இப்படி நெறய வரும்."

"இல்லடி, மூணுலயும்…"

"நான் மூணு வருசமா பாக்குறேன் இளமதி."

இளமதி போட்டிருந்த குறியை மஹிரா அழித்தாள். அவர்கள் இருவர் குழுவின் அறிக்கை தலைவியின் பெயரில்தான் போகும். தலைவி மஹிரா. அன்று மாலையே அதற்குக் கடைசி நேரம். 'எதுவும் இல்லை' என்று எழுதி அனுப்பிவிட்டாள்.

இருபது நாள் கழித்து, படங்கள் அனுப்பும் தேடல் குழுவிடமிருந்து ஒரு மெயில் வந்தது. வேறொரு நாட்டுக் குழு, பிறகு எடுத்த படங்களில் அப்படி ஒரு தூரத்து உலகத்தைக் கண்டுபிடித்திருந்தது. அது சூரியனை ஒருமுறை சுற்றிவர நானூறு வருடத்துக்கு மேல் ஆகலாமாம். புளூட்டோ மாதிரிக் குறுங்கோளா என்று சொல்ல இன்னும் பார்க்க வேண்டும். முந்தைய பதிவு யாரிடமாவது இருந்தால் அனுப்பலாம் என்று எழுதியிருந்தார்கள். மஹிரா பின்னோக்கிக் கணக்குப் போட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமைப் படத்தில் அது இளமதி விரல் வைத்த இடத்தில் வந்து நின்றது.

சும்மா இருந்தால் யாருக்கும் தெரியாது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. வகுப்பில் எழுதிய சமன்பாட்டை மாணவிகள் திருத்தினார்கள். மூன்றாம் நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனி வாசலுக்குப் போனாள்.

"என்னாடி இந்நேரத்துல? வூட்ல எல்லாரும் நல்லாருக்காங்களா?" என்று கேட்டுக்கொண்டே இளமதி வந்தாள். புருவத்தில் வெள்ளைத் தூசி.

"அந்தப் புள்ளி நெசம்தான். வேற குழு கண்டுபிடிச்சிட்டாங்க."

இளமதியின் முகம் மலர்ந்தது. "நான் சொன்னேன்ல!" பிறகு கொஞ்சம் வாடியது. "சரி வுடு. தப்பாப் பாத்துட்ட. நான்கூட நல்ல பீஸத் தள்ளிடுறேன்."

அதோடு விட்டிருக்கலாம். மஹிராவால் முடியவில்லை.

"தப்பாப் பாக்கல. நவுருதுன்னு அன்னிக்கே தெரிஞ்சிது. தெரிஞ்சிதான் அழிச்சேன்."

"ஏன்?"

"மூணு வருசமா எனக்குக் கெடைக்கல. நீ வந்து ரெண்டு மாசம்…"

"நீதானடி என்னக் கூப்ட்ட?"

உள்ளே மணி அடித்தது. இளமதி திரும்பிப் பார்க்காமல் போனாள்.

அன்றே மஹிரா பழைய படங்களின் அளவுகளைத் தேடல் குழுவுக்கு அனுப்பினாள். பார்த்தவர் இளமதி என்றும், தெரிந்தே அழித்தவள் தான் என்றும் எழுதினாள். கண்டுபிடித்த பெருமை அந்த வெளிநாட்டுக் குழுவுக்கே என்று பதில் வந்தது. ஆனால் இந்த அளவுகளால் அதன் பாதை தெளிவாகியிருந்தது. பதிவுப் பட்டியலில் இளமதியின் பெயர் சேர்ந்தது. மஹிராவைத் தலைவிப் பொறுப்பிலிருந்து நீக்கியிருந்தார்கள். பட்டியலை இளமதிக்கு அனுப்பினாள். பார்த்ததற்கான நீலக்குறி வந்தது, பதில் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வருவதும் நின்றது.

ஒன்றரை மாதம் கழித்து பஸ் ஸ்டாண்டில் எதிரெதிரே பார்த்துக்கொண்டார்கள்.

"நல்லாருக்கியா?" என்றாள் மஹிரா.

"இருக்கேன். தனியாப் பேரு குடுத்துட்டேன். செல்லுலதான் பாக்குறேன். இந்த வாரம் ரெண்டு குறிச்சிருக்கேன்."

"நான் ஒருவாட்டி பாக்கட்டுமா?"

"வேணாம்," என்றாள் இளமதி. குரலில் கோபம் இல்லை. அதுதான் மஹிராவைச் சுட்டது. ஊர் பஸ் வந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு இளமதி ஏறினாள்.