கொய்யாப் பதியம்

சிங்காரவேலு அரிவாளை ஓங்கிவிட்டான். வாசல் கேட்டுக்குப் போகும் நடையின் குறுக்கே தலைக்கு மேல் சாய்ந்திருந்த கொய்யாக் கிளையை வெட்டினால்தான் அக்காவின் பாடை நேராக வெளியே போகும். அழுவதைவிட எதையாவது வெட்டுவது அவனுக்குச் சுலபமாக இருந்தது.

"வெட்டாத" என்றார் கொளஞ்சியப்பன்.

நைட் ஷிப்ட் முடிந்து வந்து, வெளிப்பூட்டைத் திறந்து, மனைவியைத் தொட்டுப் பார்த்து, போய்விட்டாள் என்று முதலில் அறிந்தவர் அவர்தான். உள்ளே பெண்கள் பெட்டியை உருட்டிக்கொண்டிருந்தார்கள். தனபாக்கியத்துக்குக் கொண்டை போட வேண்டும். அவளுடைய சவுரி முடியைக் காணவில்லை.

"ஒரு கிளதான மாமா."

"அதுல ஒங்கக்கா கட்டு கட்டியிருக்கு."

போன மார்கழிப் புயலில் தோட்டத்து மரமெல்லாம் சாய்ந்து, மிஞ்சியது இந்தக் கொய்யா ஒன்றுதான். தையில் அவருக்கு ரிட்டயர்மென்ட். அனல்மின் நிலையக் குவார்ட்டர்ஸை ஒப்படைத்துவிட்டுச் சொந்த ஊர் காடாம்புலியூருக்குப் போக வேண்டும். மரத்தைத் தூக்கிக்கொண்டா போக முடியும்? ஆடி மழையில் தனபாக்கியம் கிளையின் பட்டையை வளையமாகச் சீவி, ஈரத் தேங்காய் நாரை வைத்து, பிளாஸ்டிக் தாளால் சுற்றிக் கட்டினாள். "வேரு வெள்ளையா இருக்கறப்ப அறுக்கக்கூடாது. பழுப்பேறணும். கார்த்திகையில அறுத்து எடுத்துக்கினு போவலாம்" என்றாள்.

ஆவணியில் அவளுக்கு வாதம் வந்து இடப்பக்கம் விழுந்துவிட்டது. படுக்கையில் புரட்டிப் படுக்க வைக்கவே ஆள் வேண்டும். புரட்டாசியில் காக்காய் கொத்திக் கட்டைக் கிழித்துப் போட்டது. அவர் வந்து சொன்னார். அவள் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பதியம் போயிற்று என்று அவரும் விட்டுவிட்டார். ஷிப்டுக்கு ஓடுகிற மனுஷன் தலைக்கு மேலே எங்கே பார்க்கிறான்.

அரிவாள் ஓங்கியபோது அண்ணாந்ததில்தான் கட்டு கண்ணில் பட்டது. இப்போது கிளையைப் பிடித்துத் தாழ்த்தினார். கட்டு முழுசாக இருந்தது. அவள் கட்டிலில் விரித்திருந்த பிளாஸ்டிக் ஷீட்டின் ஓரத்தைக் கிழித்து யாரோ சுற்றியிருந்தார்கள். உள்ளே நார் நீர் கோத்திருந்தது. ஷீட்டை முட்டிக்கொண்டு வெள்ளை வேர்கள். மேலே கறுப்பாக எதையோ வைத்து இறுக்கிக் கட்டியிருந்தது. கயிறு என்று நினைத்துத் தொட்டார். முடி.

சவுரியின் நுனி தொங்கி ஆடியது. கிளையைத் தாழ்த்தியதில் ஆடுகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"கமலா, இத நீ கட்னியா?"

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் கமலாதான் தனபாக்கியத்தைப் பகலில் பார்த்துக்கொண்டவள். இன்று குளிப்பாட்டியவளும் அவள்தான்.

"நான் ஏண்ணே அதத் தொடப்போறன்." சவுரியைப் பார்த்ததும் அவள் குரல் இறங்கிவிட்டது. "குளிப்பாட்டறப்பவே சொல்லணும்னு இருந்தன். அக்கா நகத்துல மண்ணு. பாதத்துலயும் பச்ச மண்ணு. நேத்து சாயந்தரம் நான்தான ஒடம்பு தொடச்சி வுட்டன்."

கொளஞ்சியப்பன் வீட்டுக்குள் போய்ப் பின்கதவைப் பார்த்தார். ராத்திரி முன்கதவை அவரே வெளியே பூட்டிக்கொண்டு போனார். பின்கதவுக்கு மேல்தாழ்ப்பாள் மட்டும்தான். அவரே நுனிக்காலில் எட்டித்தான் போடுவார். காலையில் கமலாவுக்காக அதைத் திறந்துவிட்டபோது தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. நன்றாக நினைவிருக்கிறது.

முதலில் பயம் வந்தது. சொந்த வீட்டுக்குள் நிற்கக் கால் கூசியது. அப்புறம் வந்தது பயத்தைவிடக் கொடுமை. எத்தனை ராத்திரி இப்படி எழுந்து போனாள்? தன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

"நேரமாவுது மாமா. வெட்டட்டா?"

"வேரு இன்னும் வெள்ளையாத்தான் இருக்கு."

சிங்காரவேலு அரிவாளைக் கீழே வைத்தான்.

"சவுரியயாவது அவுத்துக் குடுங்கண்ணே" என்றாள் கமலா.

"வேணாம். அது அங்கியே இருக்கட்டும்."

பாடை கிளம்பியபோது கொள்ளிச்சட்டியைச் சிங்காரவேலுவிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கையாலும் கிளையை உயர்த்திப் பிடித்துக்கொண்டார். தூக்கியவர்கள் குனிந்து போனார்கள். ஈர நாரிலிருந்து ஒரு சொட்டு அவள் நெற்றியில் விழுந்தது. யாரும் துடைக்கவில்லை.

சாயங்காலம் சுடுகாட்டிலிருந்து வந்து குளித்து, கழுவிவிட்ட கூடத்தில் உட்கார்ந்தார்கள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வெளியே பனி வாடையும் அனல்மின் நிலையத்துச் சாம்பலும் இறங்கியிருந்தன.

"பின்கதவ சாத்திட்டு வாங்க மாமா, குளிரு அடிக்குது."

எழுந்து போனார். நுனிக்காலில் நின்று தாழ்ப்பாளுக்குக் கையைத் தூக்கியவர் இறக்கிக்கொண்டார். பிறகு ஒரு செம்பில் தண்ணீர் மொண்டு படிக்கு வெளியே வைத்தார். கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் போடவில்லை.