முப்பதுக்கு முப்பது

அலங்காநல்லூருக்கு அந்தப்பக்கம் இருக்கும் எங்கள் பள்ளியில் பிளஸ் டூ இயற்பியல் செய்முறைத் தேர்வு என்றால் திருவிழாதான். மதுரையிலிருந்து வெளித்தேர்வாளர் வருவார், விருந்து சாப்பிடுவார், எல்லாருக்கும் முப்பதுக்கு முப்பது போட்டுவிட்டுப் போவார். கருவியை யாரும் தொட வேண்டாம். போன வருஷத்து அக்காக்களின் ரெக்கார்டு நோட்டிலிருக்கும் ரீடிங்கை மனப்பாடம் செய்து எழுதினால் போதும். மனப்பாடத்தில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. வகுப்பில் நான்தான் முதல்.

கடைசி, நாகஜோதி. கேள்வித்தாளைக் கண்டாலே அவளுக்குப் படித்ததெல்லாம் மறந்துபோகும். ஆனால் லேபில் ஃபியூஸ் போனால் எங்கள் அசோக்குமார் சார் அவளைத்தான் கூப்பிடுவார். இந்த ஒரு பரீட்சைக்காக வருஷம் முழுக்கக் காத்திருந்தாள், கிறுக்கி. தனக்கும் ஏதோ தெரியும் என்று வெளியாள் ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டுமாம்.

இந்த வருஷம் வந்தவர் கல்யாணராமன் சார். வந்ததும் மார்க் பட்டியலை நிரப்பிவிட்டுச் சாப்பிட எழுந்தார். நாகஜோதி வழியை மறித்தாள்.

"நான் செஞ்சு காட்டுறேன் சார். பாத்துட்டுப் போடுங்க."

எங்களுக்கு உயிரே போயிற்று. அசோக்குமார் சார் கண்ணாலேயே அவளை எரித்தார். வந்தவரோ கடிகாரத்தைப் பார்த்தார். என்ன தோன்றியதோ, உட்கார்ந்துவிட்டார்.

அவள் கம்பி முனைகளை உப்புத்தாளில் தேய்த்தாள். கடகடவென்று இணைத்தாள். கால்வனாமீட்டர் முள் ஒரு பக்கம் சாய்ந்தது, மறுபக்கம் சாய்ந்தது, பிறகு அவள் தொடுசாவியைக் கம்பிமேல் தொட்டுத் தொட்டு நகர்த்த, நடுவில் வந்து நின்றது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இரண்டு வருஷமாக நோட்டில் எழுதிவந்த முள் அசைவதை அன்றுதான் பார்த்தேன். என்னையறியாமல் கை தட்டினேன். வகுப்பே தட்டியது.

கல்யாணராமன் சாருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "முப்பதுக்கு மேல போட எடமில்லையேம்மா" என்றார்.

"எனக்கு மேல வேணாம் சார். செய்யாதவுகளுக்குக் கொறைங்க."

கைதட்டல் நின்றது. சார் பேனாவைத் திறந்து பட்டியலின் முதல் பெயரைக் கூப்பிட்டார். ஆர்த்திகா. நான்.

எந்தக் கம்பி எங்கே போகும் என்று தெரியாமல் பத்து நிமிஷம் நின்றேன். முப்பதை அடித்துவிட்டுப் பதினொன்று போட்டார். நாகஜோதி மேல் அப்படி ஒரு கோபம் வந்தது எனக்கு. அநியாயம் என்று கத்த வாயைத் திறந்தேன். எது அநியாயம் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. மூடிக்கொண்டேன்.